சாம்பு யோசிக்க மாட்டார்

"ஸார், சுஜாதா செத்து எத்தனை வருஷம் ஆச்சு?"

காலை பத்தே கால். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனா மூடி எங்கே போச்சு என்று மேஜைக்கடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் இப்படி ஒரு கேள்வி. கேட்டவர் எங்கள் அரியலூர் ஆபீஸ் இளைஞர். பெயர் வேண்டாம். ஜெயங்கொண்டம் பக்கம் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை கதை எழுதுகிற ஆசாமி என்று தெரிந்தால் பெண் வீட்டார் வந்த பஸ்ஸிலேயே திரும்பி ஏறிவிடுவார்கள்.

"2008 பிப்ரவரி 27" என்றேன். இந்த மாதிரி தேதியெல்லாம் டக்கென்று வரும். கல்யாண நாள்தான் வராது. அது வேறு கதை.

"கணேஷ்-வசந்தை நான் தொடர்ந்து எழுதலாம்னு இருக்கேன் ஸார்."

பேனா மூடி கிடைத்துவிட்டது. பேனா கீழே விழுந்துவிட்டது.

"தம்பி, சட்டம்னு ஒண்ணு இருக்கு. எழுதினவர் காலமான வருஷம் முடிஞ்சு, அதுக்கு மேல அறுபது வருஷம். அதாவது 2068 டிசம்பர் 31 ராத்திரி வரைக்கும் அவங்க குடும்பத்துக்கிட்டதான் அனுமதி கேட்கணும். 2069 ஜனவரி 1 காலையில காபி குடிச்சிட்டு தாராளமா எழுத உட்காரலாம்."

"அப்ப எனக்கு எழுபது வயசு ஸார்!"

"நல்லதாப் போச்சு. ரிட்டயர் ஆகி, நிம்மதியா எழுதலாம்."

மனிதர் அசரவில்லை. மத்தியானம் டிபன் பாக்ஸோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். முதல் அத்தியாயம் தயாராக இருந்தது! பொய் சொல்லக் கூடாது, நடை நன்றாகத்தான் இருந்தது. கணேஷ் கோர்ட்டில் அளந்து பேசினார். வசந்த் ஒரு பெண்ணைப் பார்த்து உளறினான். வாக்கியங்கள் படிக்கட்டு மாதிரி பாதியில் இறங்கின. ஆனால் மூன்றாம் பக்கத்தில் எனக்கு லெமன் சாதம் தொண்டையில் நின்றுவிட்டது. வசந்த், மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்கை முழுசாகச் சொல்லி முடித்துவிட்டான்!

தெரியாதவர்களுக்காக: 1968-ல் 'நைலான் கயிறு' வந்தபோது கணேஷ் தனி ஆள். வசந்த் பின்னால் ஜூனியராக வந்து ஒட்டிக்கொண்டவன். இந்த மெக்ஸிகோ சலவைக்காரியைப் பற்றி அவனிடம் ஒரு ஜோக் உண்டு. ஆரம்பிப்பான். யாராவது வாயை மூடு என்பார்கள், அல்லது போன் அடிக்கும். கடைசி வரை அந்த ஜோக் முடியவே இல்லை. அது என்ன ஜோக் என்று மண்டையை உடைத்துக்கொண்டே ஒரு தலைமுறைக்கு மீசை முளைத்தது, நரைத்தது. அதைப் போய் நம் தம்பி நாலே வரியில் முடித்துவிட்டார்.

"ஜோக் நல்லா இல்லையா ஸார்?"

"நல்லாத்தான் இருக்கு. அதான் கஷ்டமா இருக்கு."

அவருக்குப் புரியவில்லை. எனக்கும் சரியாக விளக்கத் தெரியவில்லை. சாயங்காலம் பெரம்பலூர் பஸ்ஸில், முன்னால் போன சிமென்ட் லாரியின் புழுதியைச் சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன்.

செத்தவரின் துப்பறியும் ஆளைப் பின்னால் வந்தவர் எடுத்து எழுதுவது வெளிநாட்டில் பழைய வழக்கம். அகதா கிறிஸ்டி விவரமான அம்மாள். யாரும் கை வைக்கக் கூடாது என்றோ என்னவோ, 1975-ல் வந்த புத்தகத்தில் தன் கையாலேயே பொய்ரோவைத் தீர்த்துக் கட்டினார். நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் பொய்ரோவுக்கு மரண அறிவித்தல் போட்டது! இல்லாத ஆளுக்கு இரங்கல். அப்படியும் விட்டார்களா? 2014-ல் ஸோஃபி ஹன்னா என்பவர், கிறிஸ்டி குடும்பத்தின் சம்மதத்தோடு, கதையை 1929-க்குத் தள்ளிக்கொண்டு போய் பொய்ரோவை நடமாட விட்டுவிட்டார்.

இன்னொரு கேஸ் இதைவிட சுவாரஸ்யம். மார்ஜரி அல்லிங்ஹாம் என்ற அம்மாள் ஆல்பர்ட் கேம்பியன் என்று ஒரு துப்பறிவாளரைப் படைத்தார். மூக்குக் கண்ணாடி, அசட்டு முகம். பார்க்கிறவன் ஏமாந்துவிடுவான். 1966-ல் அந்த அம்மாள் போய்விட்டார், ஒரு நாவல் பாதியில். புருஷன்காரர் யங்மன் கார்ட்டர் அதை முடித்தார். ருசி கண்டு மேலும் இரண்டு எழுதினார். அடுத்ததை ஆரம்பித்தார். 1969-ல் அவரும் போய்விட்டார். அந்தத் துண்டு சும்மா கிடந்து, மைக் ரிப்ளி என்ற மூன்றாமவர் எடுத்து முடித்து 2014-ல் புத்தகமாக வந்தது. கேம்பியன் மட்டும் சௌக்கியம். எழுதுகிறவர்கள்தான் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

நம் ஊரிலும் உண்டு. கல்கி 1954-ல் மறைந்தபோது பாதியில் நின்ற 'அமரதாரா'வை மகள் ஆனந்தி முடித்துவைத்தார். 'பொன்னியின் செல்வ'னுக்குப் பிறகு என்ன ஆச்சு என்று தவித்தவர்களுக்காக விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். ஆனால் அதெல்லாம் வாள், குதிரை, சதி சமாசாரம். குதிரை ஓடினால் கதையும் ஓடும். சிரிப்புத் துப்பறிவாளர் விஷயம் அப்படி இல்லை. இதை நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மாட்டிக்கொண்டு தெரிந்துகொண்டேன்.

எங்கள் அப்பா தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். 2009 வாக்கில் சர்க்கரை அவர் இரண்டு கண்ணையும் வாங்கிக்கொண்டது. ஒரு வார்த்தை புலம்பவில்லை. 'படிக்கத்தான் முடியாது' என்று மட்டும், ஏதோ ஒரு நாளைக்கு கரண்ட் இல்லை என்கிற மாதிரி சொன்னார். ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் நான் படித்துக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. என்ன படிக்க? பரணில் ஒரு பைண்டு வால்யூம் இருந்தது. தாத்தா ஆனந்த விகடனிலிருந்து கிழித்து, சேர்த்து, காலிகோ ஒட்டி வைத்தது. துப்பறியும் சாம்பு.

இன்றைய தம்பிகளுக்கு சாம்புவை அறிமுகம் செய்ய வேண்டியிருக்கிறது, என்ன செய்ய. தேவன் என்கிற ஆர். மகாதேவன், கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் திருவிடைமருதூர்க்காரர். விகடனில் வேலை. 1942-ல் சாம்புவை எழுத ஆரம்பித்தார். சாம்பு, பாங்கில் குமாஸ்தா வேலையை விட்டு வெளியேற்றப்பட்டவர். (நம்ம ஜாதி!) மூக்கு நீளம், மூளை சுருக்கம். தப்பான வீட்டில் நுழைவார், தப்பான ஆளைப் பிடிப்பார், அந்த ஆள்தான் திருடனாக இருப்பான். இன்ஸ்பெக்டர் கோபாலன் ஆச்சரியப்படுவார். வீட்டில் வேம்பு பெருமைப்படுவாள். உலகத்துத் துப்பறிவாளர்கள் எல்லாரும் மூளையால் கண்டுபிடித்தார்கள், இவர் ஒருத்தர் அது இல்லாமலேயே கண்டுபிடித்தார். பிற்பாடு தூர்தர்ஷனில் காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக வந்து போனது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். தேவன் 1957-ல், நாற்பத்து மூன்று வயதில் போய்விட்டார்.

நாலு மாசத்தில் வால்யூம் தீர்ந்துவிட்டது.

"முடிஞ்சிடுச்சாடா?" என்றார் அப்பா. கட்டிலில், சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு.

"இன்னும் இருக்குப்பா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது.

மறுநாள் ஆபீஸில் பழைய சர்க்குலர்களின் பின்பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். சாம்பு அரியலூருக்கு ரயிலில் வந்து இறங்குகிறார். கலெக்டர் பங்களாவில் வைர அட்டிகை திருட்டு. எங்கள் பக்கத்து பூமியில் கடல் பிராணிகளெல்லாம் கல்லாகிப் போய் உருண்டை உருண்டையாகக் கிடக்கும் இல்லையா, அப்படி ஒரு கல்லைப் பிளந்து அதற்குள் திருடன் அட்டிகையை ஒளித்து வைக்கிறான். பிரமாதமான ஐடியா என்று நானே முதுகில் தட்டிக்கொண்டேன். ராத்திரி வால்யூமை மடியில் விரித்து, அதன்மேல் சர்க்குலரை வைத்து, அதே ராகத்தில் படித்தேன். இரண்டு பக்கம் போயிருக்கும்.

"நிறுத்து" என்றார் அப்பா. "அரியலூருக்கு ஏதுடா கலெக்டர்?"

எனக்கு வியர்த்துவிட்டது.

"நான் சர்வீஸ்ல சேரும்போது கலெக்டர்னா திருச்சிதான். பெரம்பலூருக்கே 95-லதான் கலெக்டர் வந்தாரு. அரியலூரை 2001-ல பிரிச்சாங்க, 2002-ல திரும்பச் சேர்த்தாங்க, 2007-ல மறுபடி பிரிச்சாங்க. லெட்டர்ஹெட் அச்சடிச்சே கஜானா காலி. தேவன் எப்படா பார்த்தாரு அரியலூர் கலெக்டரை?"

"இல்லப்பா... அது..."

"அது போகட்டும். அச்சுப் பிழைன்னு விட்டிருப்பேன். 'சாம்பு கூர்ந்து யோசித்தார்'னு படிச்சியே, அங்கதான் தெரிஞ்சுபோச்சு. சாம்பு எப்படா யோசிச்சிருக்கான்?"

நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளே அம்மா பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுவிட்டது.

"நடுவுல ஒரு கதையில கடைசிப் பக்கம் கிடையாது, ராமபாணப் பூச்சி தின்னது. அதையும் நீதான் இட்டுக்கட்டிப் படிச்சே. சின்ன வயசிலேர்ந்து அந்தப் பக்கம் இல்லாமலேதான் நான் படிச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? அது சுமாரா இருந்துச்சு, அதான் ஒண்ணும் சொல்லலை."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கையை நீட்டி, காற்றில் தடவி, என் முழங்காலைக் கண்டுபிடித்து ஒரு தட்டு தட்டினார்.

"சரி, படி. அவனை யோசிக்க மட்டும் வைக்காத. கல்லு தடுக்கி விழட்டும்."

கல் தடுக்கி விழுந்தார். கல் உடைந்தது. அட்டிகை வந்தது. அப்பா சிரித்தார். பல் செட்டைக் கழற்றி வைத்த பிறகு வருகிற சிரிப்பு, வெறும் காற்றுதான், ஆனால் கட்டில் ஆடியது.

தப்பு எங்கே நடந்தது என்று அப்போது புரிந்தது. தேவனுடைய வார்த்தைகளை ஓரளவு பிடித்துவிட்டேன். ஆனால் சாம்புவுக்குக் கொஞ்சம் மூளை கொடுத்தால் நன்றாயிருக்குமே என்று கை பரபரத்தது. பின்னால் வருகிறவன் எல்லாருக்கும் இந்தப் பரபரப்பு இருக்கும்போலிருக்கிறது. ஓட்டையைப் பார்த்தால் உடனே சிமென்ட் தேடுகிறோம். எங்கள் மாவட்டத்தில் அது வேறு தாராளமாகக் கிடைக்கிறது. நம் தம்பி செய்ததும் இதுதான். சலவைக்காரி ஜோக் ஒரு ஓட்டை. சுஜாதா வேண்டுமென்றே விட்ட ஓட்டை. அது வழியாகத்தான் வாசகன் அத்தனை வருஷமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் வாரம் ஒரு கதை. கங்கைகொண்ட சோழபுரத்துச் சிங்க முகக் கிணற்றுக்குள் சாம்பு இறங்கி, சிங்கம் விழுங்கிவிட்டது என்று ஊரே திரண்டது. (அந்தக் கோயிலைப் பற்றி ஒன்று சொல்வார்கள்: ராஜேந்திரன் அப்பா கட்டின தஞ்சைக் கோயில் மாதிரியே கட்டினான், மரியாதைக்காக உயரத்தை மட்டும் குறைத்துக்கொண்டான் என்று. நிஜமோ பொய்யோ, அப்பாவுக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.) பெரம்பலூரில் மாட்டு வியாபாரி என்று நினைத்து சாம்பு மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாலு மைல் நடந்தார், திருட்டு மாடு அது. கலெக்டர் வரும் இடத்தில் எல்லாம் ஜாக்கிரதையாக 'திருச்சி கலெக்டர்' என்று எழுதினேன். அப்பா திருத்துவார். "வேம்பு இவ்வளவு பேச மாட்டா" என்பார். அம்மா உள்ளேயிருந்து, "ஏன், பேசட்டுமே!" என்பாள்.

பதினேழாவது கதையில் சாம்புவை ரஞ்சன்குடிக் கோட்டைக்கு அழைத்துப் போனேன். மேல்துண்டு காற்றில் பறக்கிறது. துரத்திக்கொண்டு கோட்டை மதில்மேல் ஏறிவிடுகிறார். ஏறின வழி தெரியவில்லை. கீழே புதரில் பதுங்கியிருக்கிற கொள்ளைக்காரன், போலீஸ் நம்மைச் சுற்றி வளைத்துவிட்டது என்று நடுங்குகிறான். மீதியைப் படிக்கப் போனேன்.

"இங்கயே நிறுத்துடா" என்றார் அப்பா. "எப்படி இறங்குவான்னு யோசிச்சுக்கிட்டே தூங்கறேன்."

மறுநாள் காய்ச்சல். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி. அங்கிருந்து அவர் நடந்து வீடு திரும்பவில்லை. 2011 அது.

தேவனுடைய எழுத்துக்கான அறுபது வருஷக் கெடு 2017-ஓடு முடிந்துவிட்டது. 2018-லிருந்து யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சர்க்குலர்கள் அந்த வால்யூமுக்குள்ளேயேதான் இருக்கின்றன. பெரம்பலூரிலிருந்து சென்னை பஸ் ஏறும்போதெல்லாம் ரஞ்சன்குடிக் கோட்டை கண்ணில் படும். மதிலைப் பார்ப்பேன். ஆள் இன்னும் அங்கேதான்.

போன வாரம் டிபன் நேரத்தில் இதையெல்லாம் அந்த இளைஞரிடம் சொன்னேன். பாதி சாப்பாட்டில் கை காய்ந்துபோய் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நோட்டை எடுத்து மூன்றாம் பக்கத்தில் அந்த நாலு வரியை அடித்தார். நன்றாகவே, பேப்பர் கிழிகிற மாதிரி அடித்தார்.

அப்புறம் கண்ணில் ஒரு மின்னலோடு நிமிர்ந்தார்.

"ஸார், அந்தப் பதினேழாவது கதையை நான் முடிச்சுத் தரட்டுமா?"

ஆபீஸ் நேரத்தில் கதை பேசக் கூடாது, போய் சீட்டில் உட்காருங்க என்று அனுப்பிவிட்டேன்.