பேனாக்கத்தி போதும் மச்சி!

எங்கள் பி.காம். வகுப்பில் இந்த வருஷம் ஒரு புது வியாதி பரவியிருக்கிறது. பெயர் இ.டி.சி. விரித்தால் எவ்ரிடே கேரி. தமிழில் சொன்னால் தினமும் பாக்கெட்டில் கிடக்கும் சாமான், அவ்வளவுதான். பர்ஸ், சாவி, பேனா, கைக்குட்டை எல்லாம் நம் தாத்தா காலத்திலிருந்தே பாக்கெட்டில் இருந்தவை. ஆனால் அவற்றை ஒரு கறுப்புத் துணி மேல் வரிசையாக அடுக்கி, மேலேயிருந்து போட்டோ எடுத்து, நடுவில் ஒரு கத்தியை வைத்துவிட்டால் அது இ.டி.சி. கத்தி இல்லாவிட்டால் வெறும் பாக்கெட்.

கத்தி வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. என்னிடமே ஒன்று இருக்கிறது. எந்தக் கத்தி, எதற்கு என்பதில்தான் சண்டை. யோசனை கேட்டு வருகிற ஒவ்வொருத்தனும் ஒரே மாதிரி ஆரம்பிக்கிறான்: "மச்சி, நல்ல டேக்டிகல் கத்தியா ஒண்ணு சொல்லு. சேஃப்டிக்கும் ஆச்சு." இந்த "சேஃப்டிக்கும் ஆச்சு" காதில் விழுந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சேஃப்டியா? யாரிடமிருந்து? ராத்திரி பதினோரு மணிக்கு மணிக்கூண்டு பக்கம் ஒருத்தன் வம்பிழுக்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். நீ பாக்கெட்டில் கைவிட்டு, கிளிப்பை எடுத்து, மடக்கைத் திறந்து, பூட்டு விழுந்ததா என்று பார்த்து நிமிர்வதற்குள் அவன் உன்னை இரண்டு தட்டு தட்டியிருப்பான். கத்தியை எடுத்தேவிட்டாய் என்றால் நிலைமை இன்னும் மோசம். கத்தி கண்ணில் பட்ட நொடியில் அது வாய்ச்சண்டை இல்லை. அவனிடம் என்ன இருக்கிறதோ அதை அவனும் எடுப்பான். கத்திச் சண்டையில் கெத்தாக நின்றவன் சினிமாவில் மட்டும்தான் உண்டு. நிஜத்தில் இரண்டு பேருக்கும் தையல் போடுவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் கேட்டுக்கொள். நமக்குத்தான் பிசினஸ் லா பேப்பர் இருக்கிறதே, கொஞ்சம் கிரிமினல் பக்கமும் புரட்டலாம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதில் கையால் அடித்துச் சின்னக் காயம் உண்டாக்கினால் 115-வது பிரிவு, அதிகபட்சம் ஒரு வருஷம். அதே சின்னக் காயத்தைக் குத்தவோ வெட்டவோ உதவும் கருவியால் உண்டாக்கினால் 118-வது பிரிவு, மூன்று வருஷம் வரை. காயம் கொடுங்காயம் ஆகிவிட்டால் அதே 118-இல் ஆயுள் வரைக்கும் போகலாம், குறைந்தது ஒரு வருஷம் உள்ளே இருந்தே ஆக வேண்டும். தற்காப்புக்கு என்று நீ பாக்கெட்டில் போட்ட சாமான் உன் தண்டனையை மூன்று மடங்காக்கும் சாமான். லாப நஷ்டக் கணக்கு தெரிந்த காமர்ஸ் பையன் செய்கிற முதலீடா இது?

உடனே ஒரு மேதாவி வருவான். "ஒன்பது இஞ்சுக்குக் கீழே இருந்தா லைசென்ஸ் தேவையில்லடா, சட்டமே சொல்லுது." பாதி மட்டும் படித்துவிட்டு வருகிறவனோடு மல்லுக்கட்டுவது கொடுமை. 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின் பட்டியலில் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ, இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஒரு வகையாக வருவது உண்மை. வீட்டு வேலைக்கும், விவசாயத்துக்கும், தொழிலுக்கும் செய்த கத்திகளை அந்த இடத்தில் விலக்கி வைத்திருப்பதும் உண்மை. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமே ஆயுதம் என்றால் என்ன என்று சொல்லும்போது, வீட்டுக்கும் வயலுக்கும் மட்டுமே ஆன சாமான்கள் ஆயுதமில்லை என்கிறது. கவனி, பேச்சு முழுக்க எதற்காகச் செய்யப்பட்டது என்பதைப் பற்றியது. கறுப்புப் பூச்சு, மண்டையோட்டுப் படம், கொக்கி மாதிரி வளைந்த அலகு, அட்டைப்பெட்டியில் "காம்பேட்" என்ற எழுத்து. இதையெல்லாம் வைத்துக்கொண்டு "பழம் நறுக்க சார்" என்று சொல்லிப் பார். கேட்கிறவருக்கே சிரிப்பு வரும். அளவும் ஊருக்கு ஊர் ஒரே மாதிரி இல்லை. டெல்லியில் 1980-இல் போட்ட அறிவிக்கை பட்டன் கத்திகளையும் ஸ்பிரிங் கத்திகளையும் பற்றியது. அதில் அலகு 7.62 சென்டிமீட்டரைத் தொட்டாலே கணக்கில் வந்துவிடும். அதாவது வெறும் மூன்று அங்குலம்.

பட்டன் கத்தி என்றதும் ராம்பூர் ஞாபகம் வருகிறது. உத்தரப்பிரதேசத்து ஊர். ராம்புரி கத்தி என்று இந்தி சினிமா வில்லன்கள் எல்லாம் சடக்கென்று திறந்து காட்டுவார்களே, அதன் சொந்த ஊர். 1990-களில் அரசாங்கம் நீளக் கத்திகளுக்குத் தடை போட்டதும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. 2023-இல் அதே ஊரில் இருபதடி உயரத்துக்கு ஒரு கத்தியைச் சிலையாக நிற்க வைத்தார்கள். கத்தி செய்கிறவனுக்குச் சோறு போய்விட்டது, கத்திக்கு மட்டும் சிலை. சினிமா கொடுத்த பெயர் ஒரு தொழிலை என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, கத்தி நிஜமாகவே எதற்கு? நான் ஒரு வாரத்தில் வெட்டியவற்றைச் சொல்கிறேன். கூரியர் அட்டைப்பெட்டி டேப். பரோட்டா பார்சல் கட்டிய நூல். பாட்டிக்கு மருந்து அட்டை. புது சட்டையின் விலைச்சீட்டு. மாங்காய். பேக்கரியில் வாங்கிய நீள பிரெஞ்சு ரொட்டி (அதைக் கையால் பிய்ப்பதுதான் முறை என்று எதிர்வீட்டு மாமா சொல்வார், விடுங்கள்). இதில் எதற்கு நாலு அங்குல அலகு? எதற்குப் பூட்டு, எதற்குக் கண்ணாடி உடைக்கும் கூர்முனை? இரண்டரை அங்குலத்துக்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. நம் ஊரில் இதற்குப் பெயரே இருக்கிறது: பேனாக்கத்தி. இறகுப் பேனாவைச் சீவ வைத்திருந்த கத்தி. கணக்குப்பிள்ளைகளின் கருவி அது, நம்ம டிபார்ட்மெண்ட் :-)

அடுத்த பைத்தியம் எஃகு. கத்தியைத் தொட்டே பார்க்காதவன் எஸ்30வி-யா, டி2-வா, எம்390-ஆ என்று கேட்கிறான். எஃகு கெட்டியாக இருந்தால் கூர் ரொம்ப நாள் நிற்கும், சரிதான். ஆனால் மழுங்கிய பிறகு தீட்டுவதற்கு வைரத்தூள் பதித்த தகடு வேண்டும், கைப்பழக்கமும் வேண்டும். இரண்டும் உன்னிடம் இல்லை. மூன்றாவது மாதம் அந்தப் பத்தாயிரம் ரூபாய் கத்தி மழுங்கிப்போய் டிராயரில் தூங்கும். தேய்மானம் போடக்கூட வழியில்லாத சொத்து. விக்டோரினாக்ஸ்காரன் சுவிட்சர்லாந்தில் 1884-இல் பட்டறை போட்டு, 1891-லிருந்து ராணுவத்துக்குக் கத்தி கொடுத்து வருகிறான். அவன் கத்தி ராக்வெல் கணக்கில் 56-ஐச் சுற்றித்தான். இந்த மேதாவிகள் கேட்கும் அறுபதுக்கு மேல் இல்லை. ஏன்? சிப்பாய் எவனும் சாதாரணக் கல்லில் தீட்டிக்கொள்ள முடிய வேண்டும்.

இதைவிடக் கொடுமை டமாஸ்கஸ். அலை அலையாகக் கோடு போட்ட கத்தியை ஒருத்தன் வகுப்புக்குக் கொண்டுவந்து காட்டினான். கோடெல்லாம் லேசரில் அச்சடித்தது. நாலு தடவை தீட்டினால் அழிந்துவிடும். சிரியா நாட்டு டமாஸ்கஸ் பேரில் உலகமே கொண்டாடிய வாள்களுக்கு மூல எஃகு போனதே தென்னிந்தியாவிலிருந்துதான். வூட்ஸ் என்று வெள்ளைக்காரன் எழுதிய பெயருக்குப் பின்னால் இருப்பது நம் உருக்கு, கன்னடத்தில் உக்கு. ஈரோடு பக்கம் கொடுமணலில் இரும்பு உருக்கிய தடயங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அந்த ஊர்க்காரன் பேரன் இன்றைக்கு ஆன்லைனில் அச்சடித்த கோட்டுக்குக் காசு கொடுக்கிறான்.

அப்படியானால் எதை வாங்குவது? என் கட்சி ரொம்பச் சின்னக் கட்சி. ஒன்று, மேலே சொன்ன சுவிஸ் கத்தியில் சின்னது. 91 மில்லிமீட்டர் வகையில் பெரிய அலகு ஒன்று, சின்ன அலகு ஒன்று, டின் திறப்பான், கார்க் திருகி எல்லாம் இருக்கும். ஊர் பாண்டிச்சேரி, கார்க் திருகி எதற்கு என்று நான் விளக்க வேண்டியதில்லை. இதில் பூட்டு கிடையாது, முதுகு ஸ்பிரிங்தான் அலகைப் பிடித்து நிற்கும். பூட்டு இல்லாததால் குத்தக்கூடாது, இழுத்துத்தான் வெட்ட வேண்டும் என்று கை தானாகக் கற்றுக்கொள்ளும். புதியவனுக்கு அதுதான் பாடம்.

இன்னொன்று நம் ஊருக்குச் சம்பந்தப்பட்டது. பிரான்சில் சொந்தம் இருக்கிற வீடுகளில் தேடிப்பார்த்தால் மரப்பிடி போட்ட ஓப்பினேல் ஒன்று கிடக்க வாய்ப்பிருக்கிறது. சவ்வா மலைப்பக்கத்தில் ழோசஃப் ஓப்பினேல் 1890-இல் ஆரம்பித்தது. குடியானவன் ரொட்டியும் சீஸும் அறுக்கிற கத்தி. 1955-லிருந்து கழுத்தில் ஒரு இரும்பு வளையம். திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். நம்பர் போட்டு விற்கிறார்கள். எட்டாம் நம்பர் அலகு எட்டரை சென்டிமீட்டர், அதுவே எனக்குப் பெரிசு. ஆறோ ஏழோ போதும். அலகில் "இனாக்ஸ்" என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். துருப்பிடிக்காத எஃகு, நம் பாஷையில் எவர்சில்வர். கார்பன் எஃகுதான் உசத்தி என்று வாதாடுபவர்கள் முத்தியால்பேட்டையில் ஒரு மாதம் குடியிருந்து பார்க்கட்டும். கடல் கூப்பிடு தூரம். ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் மரப்பிடி ஊறி அலகு திறக்காமல் மக்கர் பண்ணும். பிடியின் அடிப்பக்கத்தை மேஜை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே வரும், பிடித்து இழுத்துவிடலாம்.

கத்தியில் மிச்சம் பிடித்த காசில் கல் வாங்குங்கள். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைசு, ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். மழுங்கின கத்திதான் ஆபத்து. அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் போய் நிற்கிற இடம் இடது கைக் கட்டைவிரல். சைக்கிளில் சாணை பிடிக்க வருகிறவரிடம் கொடுக்கலாமே என்பீர்கள். அவர் சக்கரம் அரிவாள்மனைக்கு ஏற்றது. பேனாக்கத்தியைக் கொடுத்தால் பாதி அலகு பொறியாகப் பறந்துவிடும்.

இனி எதிர்க்கட்சிக்கு வருகிறேன். "காலேஜ் பையன் கையில் கத்தி என்றாலே ரவுடி" என்கிற பெரியவர்கள். உங்கள் பயம் புரிகிறது. புதுச்சேரி பேப்பரைத் திறந்தால் அரிவாள் வெட்டுச் செய்தி கண்ணில் படாமல் போவதில்லை. ஆனால் உங்கள் பயம் எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். எங்கள் வகுப்பில் இரண்டு பேர். ஒருத்தன் அப்பாவுக்கு நல்ல வேலை, வெளிநாட்டிலிருந்து வந்த கத்தி, அதை வைத்து வீடியோகூடப் போடுகிறான். "ஹாபிப்பா" என்கிறார்கள். இன்னொருத்தன் கடலோரக் குப்பத்துப் பையன், அம்மா மீன் விற்கிறார். கல்லூரி வருவதற்கு முன் காலையில் மார்க்கெட்டில் வஞ்சிரம் துண்டு போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறவன். மீன் கத்தியைத் துணியில் சுற்றி வண்டி டிக்கியில் வைத்திருந்தான் என்று ஒரு ராத்திரிச் சோதனையில் இரண்டு மணி நேரம் நிற்க வைத்தார்கள். பெயரைக் கேட்டார்கள், அடுத்து எந்த ஏரியா என்றார்கள், ஏரியாவைச் சொன்னதும் டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். சட்டம் தொழில் கத்தியைத்தான் விலக்கி வைத்திருக்கிறது. நடைமுறையில் விலக்கு கிடைப்பது ஹாபிக்கு.

டேக்டிகல் பைத்தியத்தின் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வருவதும் இதனால்தான். நீ கெத்துக்காக மண்டையோட்டுக் கத்தியை வைத்து ரீல்ஸ் போடும்போது, கத்தி என்றால் ஆயுதம்தான் என்று ஊர் நினைப்பதற்கு நீயும் ஒரு செங்கல் எடுத்து வைக்கிறாய். உன்னை யாரும் நிறுத்தமாட்டார்கள். நிற்கப் போகிறவன் அவன். விக்டோரினாக்ஸ் கம்பெனியே அலகில்லாத கருவிகள் செய்வது பற்றி யோசிப்பதாக 2024-இல் சொன்னது. பல நாடுகளில் கத்திச் சட்டங்கள் இறுகியதுதான் காரணம்.

ஆகவே மச்சி, சின்னதாக வாங்கு. சிவப்புப் பிடியோ மரப்பிடியோ, பார்த்ததும் பழம் ஞாபகம் வருகிற மாதிரி வாங்கு. பரீட்சை ஹாலுக்கும் கல்லூரிக்கும் கொண்டுவராதே; அங்கே வெட்ட எதுவும் இல்லை, அட்டெண்டன்ஸைத் தவிர. ராத்திரி ஊர் சுற்றக் கிளம்பும்போதும் வீட்டிலேயே வைத்துவிடு. அப்புறம், பிரான்ஸ் மாமா ஓப்பினேல் வாங்கி வருகிறேன் என்று சொன்னால் முதலிலேயே சொல்லிவை: கைப்பையில் வைத்தால் ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள், செக்-இன் பெட்டியில் துணிக்கு நடுவில் போட்டு அனுப்பட்டும்.