ஐயமும் அவிசுவாசமும்

சென்ற தவணையில் ஒரு நாள் மாலை, விடுதி ஜெபக்கூட்டம் முடிந்தபின், நண்பனொருவன் என்னைத் தாழ்வாரத்தின் கோடிக்கு அழைத்துச் சென்று, "இன்று நான் பாடவே இல்லை, வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லிவிடாதே" என்றான். விடுமுறையில் அவனுடைய தங்கை விஷக்காய்ச்சலால் இறந்துபோனாள். பதினொரு வயதுச் சிறுமி. துக்கம் விசாரிக்க வந்த ஊழியர் ஒருவர், வீட்டாருக்குப் போதிய விசுவாசம் இருந்திருப்பின் பிள்ளை பிழைத்திருப்பாள் என்று கூறிச் சென்றாராம். அன்று முதல் அவனுக்கு ஜெபம் வரவில்லை. ஜெபம் வராததைக் காட்டிலும், வரவில்லையென்று வெளியே சொல்ல இயலாமையே அவனைப் பெரிதும் வருத்திற்று. அவன் இசைவு பெற்றே இதனை ஈண்டு எழுதுகின்றேன்.

கிறிஸ்தவராகிய நாம் ஐயத்தையும் அவிசுவாசத்தையும் ஒன்றெனவே கருதிப் பழகிவிட்டோம். அக்கருத்துத் திருமறைக்கும் பொருந்தாது, அன்புக்கும் பொருந்தாது என்பது எனது துணிபு.

தமிழ் பயில்வார் ஐயத்தின் இயல்பை இலக்கணத்திலேயே கற்கின்றனர். தொல்காப்பியர் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில், ஐயம் தோன்றியவிடத்து வழுவின்றிப் பேசும் முறையை வகுத்துள்ளார். மாலை மங்கலில், தொலைவிலே ஒன்று தோன்றுகின்றது; நட்ட கட்டையோ, நிற்கும் மனிதனோ தெரியவில்லை. அந்நிலையில் அதனை 'உரு' என்று பொதுச் சொல்லாற் கூறலாம் என்பது அவர் காட்டும் நெறிகளுள் ஒன்று. ஐயுறுவானை ஆசிரியர் கடிந்திலர். அவனுக்குரிய மொழியை அவனுக்கு அளித்தார். எண்ணிப் பார்ப்பின், ஐயுறுகின்றவன் அங்கே ஒன்று தோன்றுவதை மறுக்கின்றானில்லை. அவன் கண் அதன்மேலேயே பதிந்திருக்கின்றது. கண்ணை மூடிக்கொண்டவனுக்கு ஐயம் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தவனுக்கும் ஐயம் இல்லை. அவிசுவாசம் மூடிய கண். ஐயமோ இருட்டிலும் மூடாத கண்.

இந்த இலக்கண உதாரணம் நற்செய்தி நூலில் நிகழ்ச்சியாகவே காணப்படுகின்றது. கலிலேயாக் கடலில், எதிர்காற்றில் தண்டு வலித்துத் தளர்ந்த சீஷர், விடியற்கு முன் நீர்மேல் நடந்துவரும் உருவொன்றைக் கண்டு, பேயென்று அலறினர். ஆண்டவர் தம்மை அறிவித்த பின்னும், நீரேயாகில் என்னை அழையும் என்ற கருத்துப்படக் கூறிய பேதுரு, அந்த 'ஆகில்' என்னும் ஐயத்தோடேயே படகினின்றும் இறங்கினார். காற்றைக் கண்டு அஞ்சி அமிழ்ந்தபோது, ஆண்டவர் முதலிற் கையை நீட்டிப் பிடித்தார். விசுவாசக் குறைவைக் கடிந்த சொல் அதன் பின்னரே வந்தது. நாமோ கடிதலை முன்னே வைத்துக் கையை மறந்துவிடுகின்றோம்.

தோமாவையும் நோக்குக. சந்தேகத்திற்கு அவர் பெயரையே அடையாளமாக்கிவிட்டோம். ஆயினும், யூதேயாவுக்குத் திரும்புதல் உயிருக்கு இடரென்று ஏனையோர் தயங்கியபோது, ஆண்டவரோடு சாகவும் செல்வோம் என்று துணிந்தவர் அவரே. காயங்களைக் காணாது நம்பேன் என்ற அவரை உடன் சீஷர் தம் கூட்டத்தினின்றும் விலக்கவில்லை. எட்டு நாள் கழித்து ஆண்டவர் மீண்டும் வந்தபோது, அவரும் அவ்வறையிலேயே இருந்தார். அந்த எட்டு நாளும் அவரை வெளியே நிறுத்தியிருப்பின், அவர் எங்ஙனம் கண்டிருப்பார்? மயிலாப்பூர் வரை நற்செய்தி கொணர்ந்தவர் அவரே என்று நம் முன்னோர் வழிவழியாகப் போற்றிவருகின்றனர். அம்மரபைப் போற்றுகின்ற நாம், ஐயுறுவானுக்கு அறையில் இடமில்லை என்பது எவ்வாறு தகும்?

இனி, விசுவாசம் குறைந்தமையாற் பிள்ளை இறந்தாள் என்னும் கூற்றை ஆராய்வோம். மாற்கு எழுதிய நூலின் ஒன்பதாம் அதிகாரத்தில், நோயுற்ற மகனைக் கொணர்ந்த தந்தை, தாம் நம்புவதையும் தமது நம்பாமையையும் ஒரே மூச்சில் அறிக்கையிட்டு உதவி வேண்டினார். அவர் விசுவாசம் நிறையட்டும் என்று ஆண்டவர் காத்திருக்கவில்லை. மகன் நலம் பெற்றான். நாயீன் ஊர் வாயிலில் கைம்பெண்ணின் ஒரே மகன் எழுப்பப்பட்டபோது, அத்தாயை நோக்கி உனக்கு விசுவாசம் உண்டோ என்று வினவினாருமில்லை. மற்றொருபுறம், பவுல் தம் உடலில் தைத்த முள் நீங்க மும்முறை வேண்டியும் அது நீங்கவில்லை. கெத்செமனேயில் ஆண்டவர் தாமே நீங்கவேண்டிய பாத்திரமும் நீங்கவில்லை. வேண்டியது பெறாமை விசுவாசக் குறைவுக்கு அடையாளமாயின், இவர்களை எவ்வரிசையில் நிறுத்துவது? அக்கூற்று, பிள்ளையை இழந்த தாயின் தலைமேல் பிள்ளையின் சாவையே ஏற்றிவைக்கின்றது. அற்றேல் அச்சிறுமி ஏன் இறந்தாள் என்பீராயின், அறியேன். அவ்வீட்டு வாசலில் நின்று சொல்லத்தக்க மெய்யான விடை அதுவே.

ஐயம் இளைஞர்க்கே உரியது, முதிர்ந்த அடியாரை அணுகாது என்பாரும் உளர். அன்னை தெரசா 1997ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் தம் ஆன்ம வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் 2007ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தபோது உலகம் திகைத்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், ஜெபத்தில் இறைவனது அண்மையை உணராத இருளிலே தாம் நடந்ததை அவற்றில் அவர் ஒளியாது எழுதியிருந்தார். கல்கத்தா வீதிகளில் கிடந்தாரைத் தூக்கிய கைகள் அவ்விருளினூடேதான் அவ்வேலையைச் செய்தன. 2016ஆம் ஆண்டில் அவரைப் புனிதர் வரிசையிற் சேர்த்த திருச்சபை, அக்கடிதங்களை அறியாது சேர்க்கவில்லை.

1678ஆம் ஆண்டில் ஜான் பனியன் வெளியிட்ட மோட்சப் பிரயாணக் கதையைத் தழுவி, எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை 1894ஆம் ஆண்டில் நமக்கு அளித்தார். பனியனுடைய கதையில், சந்தேகக் கோட்டையில் அடைபடுகின்றவன் வழியில் வந்த அயலான் அல்லன். சிலுவையைக் கண்டு, சுமை நீங்கப்பெற்று, பாதி வழிக்கு மேல் நடந்துவந்த யாத்திரிகனே. அவனோடு நம்பிக்கை என்னும் பெயருடைய தோழனும் அதே இருட்டறையில் அடைபடுகின்றான். தற்கொலை எண்ணத்தினின்றும் அவனைத் தடுத்துக் காப்பவன் அத்தோழனே. கதவைத் திறக்கும் சாவி யாத்திரிகனுடைய மார்பிலேயே இருந்தது. எனினும் அது நினைவுக்கு வரும்வரை அவனை உயிரோடு வைத்திருந்தது தோழமை. அத்தோழன் வெளியே நின்றுகொண்டு அறிவுரை கூறியிருப்பானாயின், கதை அக்கோட்டையிலேயே முடிந்திருக்கும்.

இவ்வாறு கூறுவதால் ஐயத்தை அணிகலனாகப் பூண்டு திரிவதை நான் பாராட்டுகின்றேன் என்று கொள்ளற்க. இரண்டொரு நூல்களைப் படித்துவிட்டு, நம்பாமையே அறிவுடைமைக்கு அழகென்று எண்ணிப் பேசும் மாணவர் நம்மிடையே இல்லாமலில்லை. தூரத்து உருவைக் கண்டு ஐயுற்றவன் செய்யத்தக்கது கிட்டே சென்று பார்த்தல். நின்ற இடத்திலேயே நாற்காலியிட்டு அமர்ந்து, கட்டையோ மனிதனோ என்று வாழ்நாளெல்லாம் வாதிப்பவன் மெய்யைத் தேடுகின்றவன் ஆகான். என் நண்பனோ அத்தகையவன் அல்லன். ஜெபம் வராத நாளிலும் அவன் ஜெபக்கூட்டத்துக்கு வந்து வாயசைத்து நின்றான். அதனைப் பாசாங்கு என்பார் என்க. நான் அதனைக் கிட்டே செல்லும் நடை என்பேன்.

ஆதலின் நம் கல்லூரிக் கிறிஸ்தவ மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். நம் கூட்டங்களில் சாட்சி கூறுவோர் அனைவரும் வெற்றியையே கூறுகின்றனர். தோல்வியைக் கூறுவாரும், அது கடந்தபின்னரே கூறுகின்றனர். இன்னும் கடவாத துயரை, கடவாத நிலையிலேயே ஒருவன் எழுந்து சொல்லவும், கேட்போர் உடனே விடையிறுக்காமல் அவனோடு அமர்ந்திருக்கவும் இடமுண்டாகவேண்டும். யோபுவின் நண்பர் ஏழு நாள் பேசாது உடனிருந்தபோது நல்ல நண்பராகவே இருந்தனர். வாய் திறந்த பின்னரே தவறினர். முடிவில் இறைவன் கடிந்துகொண்டது, தமக்காக வழக்குரைத்த அந்நண்பரையே. தம்மோடு வழக்காடிய யோபுவை அல்ல. சங்கீதப் புத்தகத்திலும் எண்பத்தெட்டாம் சங்கீதம் இருளிலேயே முடிகின்றது. அதனை நம் முன்னோர் நீக்கிவிடாமல் வேதத்திலேயே வைத்திருக்கின்றனர்.

அன்று தாழ்வாரத்தில் நான் நண்பனுக்கு விடை ஒன்றும் சொல்லவில்லை, சொல்லத் தெரியவுமில்லை. இரவுணவு மணி அடிக்கும்வரை இருவரும் அங்கேயே நின்றோம். அவன் இன்னும் பாடத் தொடங்கவில்லை. கூட்டத்தில் என் பக்கத்திலேயே உட்காருகின்றான். பாட்டுப் புத்தகத்தை இருவருமாகப் பிடித்துக்கொள்கின்றோம். அவன் பங்கையும் சேர்த்து நான் பாடுகின்றேன். நாளை எனக்குக் குரல் எழாத காலம் வரின், அவன் எனக்காகப் பாடுவான் என்று நம்புகின்றேன்.