உருவகம் ஒப்பனையன்று

பெண்நிலைக் கவிதையின்மீது இரு திசைகளிலிருந்து கல்லெறியப்படுகிறது. உருவகத்தைக் கவிதைக்குப் பூட்டிய அணிகலனாகக் கருதும் பண்டிதர் ஒருபுறம். ‘தன்னைத் தேடுவது தனிமனிதவாதம், உருவகம் உண்மையை மறைக்கும் திரை’ எனத் தீர்ப்பளிக்கும் முற்போக்கு நண்பர் மறுபுறம். இருசாராரும் ஒரே இடத்திலேயே தவறுகின்றனர். பெண்ணின் வாழ்வைச் சொல்லும் மொழி முன்னரே ஆயத்தமாக இருந்தது என்பது அவர்கள் எண்ணம்.

அமெரிக்கக் கவிஞர் ஏட்ரியன் றிச்சை எடுத்துக்கொள்வோம். 1951இல் வெளிவந்த அவரது முதலாவது தொகுதியில் ஜெனிபர் மாமி என்றொருத்தி வருகிறாள். மணமோதிரத்தின் பாரம் தாங்கிய கையால் அவள் அஞ்சாத புலிகளைத் துணியில் தைக்கிறாள். அவள் இறந்த பின்னரும் புலிகள் நிமிர்ந்து நடக்கும், அவளுக்கோ விடுதலையில்லை. வீரம் துணியில், அச்சம் வாழ்வில். கவிஞர் எட்ட நின்றே பார்க்கிறார். அத்தூரம் தாமே வேண்டுமென்று வகுத்துக்கொண்டது என்பதை 1972இல் வெளியான கட்டுரையொன்றில் அவரே எடுத்துரைத்தார்.

1973இல் ‘சிதைந்த கப்பலுள் மூழ்குதல்’ என்னும் தொகுதி வந்தது. அதன் தலைப்புக் கவிதையில் மாமி இல்லை. ‘நான்’ என்று பேசும் ஒருவர் பழங்கதை நூலைப் படித்து, கமராவும் கத்தியும் கொண்டு ஏணிவழியே கடலுள் இறங்குகிறார். கப்பலைப் பற்றிப் பிறர் சொன்ன கதையையன்று, கப்பலையே காண இறங்குகிறார். அங்கே கிடப்பது சேதமும், சேதத்தினிடையே எஞ்சிய செல்வமும். ஆணென்றும் பெண்ணென்றும் பிரிந்த வேலி நீரடியில் தகர்கிறது. ‘நான்’ ‘நாம்’ ஆகிறது.

இவ்வுருவகத்தைக் களைந்துவிட்டு, ‘பெண் அடிமைப்பட்டாள்’ என்று ஒருவரி எழுதிப் பாருங்கள். முடிவு எஞ்சும், முடிவை அடைந்த பாதை அழிந்துவிடும். தன்னையறிதல் என்பது அந்தப் பாதையே. அக்கப்பலை உடைத்தது சமுதாயம். ஆகவே, தன்னைத் தேடி இறங்குபவள் வரலாற்றின்மீதே கால் பதிக்கிறாள். அத்தொகுதிக்கு 1974இல் அமெரிக்கத் தேசிய நூற்பரிசு கிடைத்தபோது, றிச் அதைத் தமக்கெனக் கொள்ளவில்லை; உடன் முன்மொழியப்பட்ட கறுப்பினக் கவிஞர்களான ஓட்ரி லோட், அலிஸ் வாக்கர் ஆகியோருடன் சேர்ந்து பெண்கள் அனைவரின் பேராலும் ஏற்றார். இதுவா தனிமனிதவாதம்?

சுலோகம் வேண்டாமென்பதன்று நம் வாதம். ஊர்வலத்துக்கு அது வேண்டும். ஆனால், தன் வாயில் பிறர் திணித்த சொற்களையே பேசிப் பழகியவள், தன் சொல்லைத் தேடிச் சிறிதுநேரம் நீருள் மறைந்தால், அவளைப் போர்க்களத்தைவிட்டு ஓடியவளெனத் தூற்றாதீர்கள். அவள் கொண்டுவரும் சொல் நமது இயக்கத்துக்கும் வேண்டியதே.