பெட்டியைக் கழற்றாதீங்க தம்பிமாரே



அன்பின் ஊர் உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. பைக் ஓடும் தம்பிமாரும், பிள்ளைக்கு பைக்கைக் கொடுத்திருக்கும் வாப்பாமாரும், கராஜ் வைத்திருக்கும் சகோதரர்களும் பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள்.

போன வாரம் அசர் தொழுதுவிட்டு வெளியே வந்தேன். சந்தியில் ஒருவர் பைக்கைத் தள்ளிக்கொண்டு போனார். பின்னால் மீன் பெட்டி கட்டியிருந்தது. விடியற்காலையில் மீன் எடுத்துக்கொண்டு தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் போய் விற்றுவிட்டு வருகிறவர். அவருடைய மகன் என்னிடம் விஞ்ஞானம் படித்த பிள்ளை. "என்ன காக்கா, பெற்றோல் முடிஞ்சா?" என்று கேட்டேன். "இல்ல சேர், எஞ்சின் முடிஞ்சி" என்றார்.

ஸ்டார்ட் பண்ணினால் நீலப் புகை. ஒயில் குடிக்கிறது. ஏற்றத்தில் இழுக்கவில்லை. கழற்றிப் பார்த்த மெக்கானிக், பிஸ்டன், ரிங்ஸ் எல்லாம் மாற்றி, போர் அடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்தச் செலவு அவருடைய ஒரு மாத உழைப்பு. பைக் கராஜில் கிடக்கும் நாட்களில் வியாபாரமும் இல்லை.

காரணத்தை அன்று இரவு மகனே வந்து என்னிடம் சொன்னான். ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் சீட்டுக்குக் கீழே இருந்த எயார் பில்டர் பெட்டியை முழுதாகக் கழற்றி எறிந்துவிட்டு, காபரேட்டரின் வாயில் கூம்பு மாதிரி ஒரு "ரேசிங் பில்டர்" மாட்டியிருக்கிறான். வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டானாம். பூட்டிக் கொடுத்த இடத்திலும் "பவர் கூடும் தம்பி" என்று மட்டும்தான் சொன்னார்களாம். வாப்பாவுக்குத் தெரியாது. சத்தம் மாறியது மட்டும் தெரிந்திருக்கிறது.

அவன் கேட்ட கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. "சேர், காத்து கூடுதலாப் போனா நல்லதுதானே? நீங்கதானே படிப்பிச்சீங்க, எரியிறதுக்கு ஒட்சிசன் வேணும்னு?"

உண்மைதான், நான்தான் படிப்பித்தேன். தகனச் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தேன், அவன் பரீட்சையில் சரியாக எழுதினான். ஆனால் பாடசாலை வாசலில் நிற்கும் பைக்கைக் காட்டி, அதற்குள்ளே காற்று எப்படிப் போகிறது என்று ஒருநாளும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் குறையை இன்று இங்கே தீர்க்கப் பார்க்கிறேன்.

ஒரு கிராம் பெற்றோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று நிறை குறைந்தது என்பதால் கனவளவாகக் கணக்குப் பார்த்தால் திகைத்துப் போவீர்கள். ஒரு லீற்றர் பெற்றோலுக்கு சுமார் 9,000 லீற்றர் காற்று. நம் வீட்டுக் கூரையில் வைக்கிற 1,000 லீற்றர் தண்ணீர் டாங்கிகள் ஒன்பதை வரிசையாக வைத்து நினைத்துப் பாருங்கள். கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்குப் போய் வருவதற்குள் உங்கள் பைக் கிட்டத்தட்ட அவ்வளவு காற்றை உள்ளே இழுத்துவிடும். 150 சீசீ எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 சுற்றுச் சுற்றும்போது அதில் 4,000 தடவை மூச்செடுக்கிறது. அந்த மூச்சோடு சேர்ந்து வருகிற அத்தனை தூசியையும் பிடித்து நிறுத்துவது அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பில்டர்தான்.

அந்தக் காற்று என்ன காற்று? கச்சான் வீசும் மாதங்களில் நம்முடைய உள்வீதிகளில் பகல் நேரம் நின்று பாருங்கள். கிறவல் வீதியில் ஒரு டிப்பர் போனால் ஐந்து நிமிடத்துக்கு முன்னால் வருகிற ஆள் தெரியாது. மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கிற ஊர் நம்முடையது. இங்குள்ள மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். வடக்கே போனால் புல்மோட்டைக் கரையில் இல்மனைட்டும் ரூட்டைலும் சிர்க்கோனும் அள்ளி ஏற்றுமதி செய்கிறார்கள். குவார்ட்ஸும் சிர்க்கோனும் எஞ்சின் சிலிண்டரின் இரும்பை விடக் கடினமானவை. சிலிண்டருக்கும் ரிங்குக்கும் இடையில் இருப்பது மெல்லிய ஒயில் படை ஒன்றுதான், தலைமயிரின் தடிப்பை விட எவ்வளவோ மெல்லியது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத மணல் தூள் போனால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். ஒரே நாளில் தெரியாது. ஏழெட்டு மாதத்தில் நீலப் புகையாகத் தெரியும்.

"அப்படியென்றால் ரேசிங் பில்டர் என்பது பொய்யா சேர்?" என்று கேட்பீர்கள். பொய் இல்லை. எண்ணெய் பூசிய பருத்தித் துணியைக் கம்பி வலைக்குள் மடித்துச் செய்யும் பில்டரில் பேர்பெற்ற 'கே அண்ட் என்' போன்ற கம்பனிகள் மோட்டார் சைக்கிள் பந்தய உலகத்திலிருந்து வளர்ந்தவைதான். அசல் பில்டரில் அந்த எண்ணெய்தான் தூசியைப் பிடிக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கழுவி, காயவைத்து, அதற்கென்று உள்ள எண்ணெயைப் பூச வேண்டும். நம் பிள்ளைகள் மலிவாக வாங்கி மாட்டுகிற கூம்புகளில் பல வெறும் துணியும் வலையும். எண்ணெய் பூச வேண்டும் என்று விற்றவரும் சொல்லவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை.

இன்னொன்று. மோட்டோ ஜீபி பந்தய பைக்குகளில் பெட்டி இல்லை என்று நினைக்கிறீர்களா? நம்முடைய பைக்கில் இருப்பதை விடப் பெரிய பெட்டி இருக்கிறது. முன்பக்கத்தால் குளிர்ந்த காற்றை வாங்கி, அந்தப் பெட்டிக்குள் நிரப்பி, அங்கிருந்துதான் எஞ்சினுக்குக் கொடுக்கிறார்கள். புழுதியில் ஓடும் மோட்டோகுரோஸ் பைக்குகளிலும் பெட்டி உண்டு, அதற்குள் எண்ணெய் தோய்த்த ஸ்பொன்ஜ் பில்டர் உண்டு. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அதைக் கழற்றிக் கழுவுகிறார்கள். வேகத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் விடாமல் வைத்திருக்கும் பெட்டியை, மீன் கொண்டுபோகும் பைக்கிலிருந்து நாம் கழற்றி எறிகிறோம்.

பெட்டியைக் கழற்றினால் என்ன நடக்கிறது? முதலில் சத்தம் கூடுகிறது. காற்று உறிஞ்சும் சத்தத்தை அடக்குவதும் அந்தப் பெட்டியின் ஒரு வேலை. அதைக் கழற்றியவுடன் எஞ்சின் உறுமுகிறது, பிள்ளைக்கு பைக் பறக்கிற மாதிரி இருக்கிறது. இரண்டாவது, காற்றுக்கும் பெற்றோலுக்கும் உள்ள கணக்குப் பிழைக்கிறது. காற்று கூடி பெற்றோல் குறைந்தால் எஞ்சின் சூடாகும். அதைச் சரிசெய்ய காபரேட்டரில் பெரிய ஜெட் போட வேண்டும், போட்டால் பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும். மூன்றாவது, பெட்டி வெளியிலிருந்து வாங்குவது ஓரளவு குளிர்ந்த காற்று. திறந்த கூம்பு இழுப்பது எஞ்சினுக்குப் பக்கத்தில் உள்ள சூட்டுக் காற்று. சூட்டுக் காற்றில் ஒட்சிசன் குறைவு. மாரி மழையில் வெள்ளம் நிற்கும் வீதியில் அதே கூம்பு தண்ணீரையும் இழுக்கும்.

கேம், சைலன்சர், ஜெட் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக மாற்றி, ஓட்டத்துக்கு ஓட்டம் எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பவர்களுக்கு அந்த பில்டரால் உச்ச வேகத்தில் கொஞ்சம் பயன் உண்டு. நம்முடைய கடைத்தெருவில் நாற்பதில் போகிறவருக்கு இல்லை. அடைத்துப் போன பழைய பில்டரை எடுத்துவிட்டு கம்பனி பில்டரைப் புதிதாகப் போட்டாலே, பைக் இழுப்பதில் வித்தியாசம் தெரியும்.

வேகத்துக்கு ஆசைப்படுவது வாலிப வயதின் இயல்பு. நான் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நம் நாட்டில் அதற்கு இடங்களும் உண்டு. மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934 முதல் நடக்கிறது. ஆனால் ஒழுங்கான இடத்திலும் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்பதை 2024 ஏப்ரலில் தியத்தலாவையில் கண்டோம். பொக்ஸ் ஹில் போட்டியில் கார் ஒன்று பாதையை விட்டு விலகி பார்வையாளர் பக்கம் பாய்ந்து ஏழு பேர் மௌத்தானார்கள், ஒரு சிறு பிள்ளை உட்பட. பாதை போட்டு, அம்புலன்ஸ் நிறுத்தி, தலைக்கவசமும் கவச உடுப்பும் போட்டு ஓடும் இடத்திலேயே அப்படி நடந்தது. இஷாவுக்குப் பிறகு பாலத்திலும் பிரதான வீதியிலும் ரீசேர்ட்டோடு ஓடுகிற நம் பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது?

கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறந்தபோது நாம் எல்லோரும் எவ்வளவு சந்தோசப்பட்டோம். துறையடியில் பாதைக்காகக் காத்திருந்த காலம், நோயாளியை அக்கரைக்குக் கொண்டுபோகத் தவித்த காலம் முடிந்தது என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னோம். அந்த 396 மீற்றரைப் பிள்ளைகளின் ஓட்டப் பாதையாக விட்டுவிடக் கூடாது.

பைக் நமக்கு விளையாட்டுச் சாமான் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல்தான் திரும்பவும் திறந்தார்கள். இடையில் பழைய பைக்கின் விலை எங்கே போனது என்று வாங்கினவருக்குத் தெரியும். 2022 இல் கியூஆர் காட்டி, ஒரு கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோலுக்கு வரிசையில் நின்றதையும் யாரும் மறக்கவில்லை. மீன்காரர், மேசன், மதுரஸாவுக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் உம்மா, எல்லோருடைய பிழைப்பும் அந்த எஞ்சினில் ஓடுகிறது. அது ஒரு அமானிதம்.

ஆகவே என்னுடைய வேண்டுகோள் இவைதான்.

வாப்பாமாரே, மகனுடைய பைக்கின் பக்கக் கவரை ஒருநாள் கழற்றிப் பாருங்கள். பெட்டி இருக்கிறதா? அதையும் காபரேட்டரையும் இணைக்கும் ரப்பர் வெடிக்காமல் இருக்கிறதா? தாள் பில்டர் என்றால் கழுவாமல் புதிது மாற்றுங்கள். ஸ்பொன்ஜ் என்றால் மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவைத்து, ஒயில் தடவிப் பிழிந்து போடுங்கள். புழுதி வீதியில் ஓடுகிறவர்கள் கம்பனி புத்தகத்தில் சொன்னதை விட முந்தியே பாருங்கள்.

கராஜ் சகோதரர்களே, பிள்ளை காசை நீட்டினாலும் "வாப்பாவைக் கூட்டிட்டு வா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்தக் கூலியை நீங்கள் இழந்தாலும் அல்லாஹ் பரக்கத்தை வேறு வழியால் தருவான்.

தம்பிமாரே, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும், தொட்டிலில் கிடக்கும் குழந்தையும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும் மூத்தவரும் உங்கள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எஞ்சினைக் கழற்றிப் பார்க்கும் ஆசை உங்களுக்கு இருந்தால் அது நல்ல ஆசை. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது, தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. அந்த ஆசையை அங்கே கொண்டு வாருங்கள்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் ஒரு கடமை உண்டு. பழுதான அந்தப் பிஸ்டனையும் ரிங்கையும் எறிய வேண்டாம் என்று மீன்காரச் சகோதரரிடம் கேட்டிருக்கிறேன். தகனப் பாடம் வரும்போது அதை வகுப்பில் வைத்து, தேய்ந்த இடத்தைப் பிள்ளைகளின் விரலால் தடவிப் பார்க்கச் சொல்லப் போகிறேன். பாடத்தைத் தொடங்கி வைக்க அவர் மகனையே கூப்பிட்டிருக்கிறேன். வெட்கப்பட்டான், ஆனால் வருவதாகச் சொல்லியிருக்கிறான். அவன் இப்போது பின்னேரங்களில் அதே கராஜில் நின்று வேலை செய்கிறான், வாப்பாவின் எஞ்சின் செலவைக் கழிப்பதற்காக. பழைய பெட்டி ஒன்றைத் தேடி எடுத்து அவனே பூட்டியிருக்கிறான்.

பிள்ளைகளுக்காக துஆச் செய்யுங்கள். பயன் இருந்தால் மற்றவர்களுக்கும் பகிருங்கள்.