இருக்கை மாறட்டும், தொழில் மாற வேண்டாம்

மத்திய அரசின் தலைமைக் கொள்முதல் அமைப்பாக இருந்த டி.ஜி.எஸ். அண்ட் டி. 2017 அக்டோபர் 31 அன்று மூடப்பட்டது. அது போட்டுவைத்த ரேட் கான்ட்ராக்டை நம்பியே அரசு அலுவலகங்கள் பல பத்தாண்டுகள் பொருள் வாங்கின. அந்த இடத்தை 2016 ஆகஸ்டில் தொடங்கிய ஜெம் இணையச் சந்தை எடுத்துக்கொண்டது. கொள்முதலையே வாழ்நாள் பணியாகக் கொண்டிருந்த அலுவலர்கள் வேறு துறைகளுக்குப் பிரிந்து போனார்கள். சந்தை மாறியதைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். வாங்கும் இருக்கையில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

முன்பு கொள்முதல் இருக்கை என்றால் உறைகளைப் பிரிப்பது, ஒப்பீட்டுப் பட்டியல் போடுவது, மிகக் குறைந்த விலை கேட்ட எல்-1 யார் என்று குறிப்பு எழுதி மேலே அனுப்புவது. அந்த வேலைகளில் பெரும்பகுதியை இன்று கணினி செய்துவிடுகிறது. எஞ்சியிருப்பது முடிவெடுக்கும் வேலை. மத்திய அரசு அலுவலகமானால் குறு, சிறு நிறுவனங்களிடம் 25 விழுக்காடு வாங்க வேண்டும். உள்நாட்டு மதிப்பு 50 விழுக்காடா, 20 விழுக்காடா என்று பார்த்து வழங்குநரை வகைப்படுத்த வேண்டும். இந்தியாவோடு நில எல்லை கொண்ட நாடுகளின் நிறுவனங்கள் குறித்த 2020 ஆணையை நினைவில் வைக்க வேண்டும். தரத்துக்கும் மதிப்பெண் தரலாம் என்று 2021 அக்டோபரில் நிதியமைச்சகம் கட்டுமானப் பணிகளுக்கு வழிவிட்டது. உச்சவரம்பு 30 விழுக்காடு. அந்த மதிப்பெண்ணை எதற்கு, எப்படிப் பிரிப்பது என்பதை அலுவலர்தான் தீர்மானிக்க வேண்டும். தமிழ்நாடு அரசு அலுவலகமானால் 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டு விதிகளும் விரல்நுனியில் இருக்க வேண்டும்.

இவ்வளவையும் செய்பவர் யார்? பெரும்பாலும் மருத்துவர், பொறியாளர், கல்லூரி முதல்வர். அவரவர் சொந்த வேலை வேறு; பதவியோடு நிதி அதிகாரம் வந்ததால் கொள்முதலும் சேர்ந்து வந்தது. பொது நிதி விதிகள் 2017இன் 144ஆம் விதி, கொள்முதலின் பொறுப்பை நிதி அதிகாரம் அளிக்கப்பட்டவர் மீதே வைக்கிறது. அந்த அதிகாரம் பதவியோடு வருகிறதே தவிர, பயிற்சியோடு வருவதில்லை. அமெரிக்காவில் கான்ட்ராக்டிங் ஆஃபீசருக்கு அவர் பெயரிலேயே நியமன ஆணை தருகிறார்கள். எவ்வளவு தொகை வரை கையெழுத்திடலாம் என்பதும் அதில் இருக்கும். கல்வி, பயிற்சி, அனுபவம் ஆகியவற்றைப் பார்த்த பிறகே அந்த ஆணை கிடைக்கும்.

இதற்கு மேல் சுழற்சி மாறுதல். முறைகேட்டுக்கு இடமுள்ள இருக்கைகளில் எவரையும் நீண்டநாள் வைக்காதீர்கள் என்று மத்திய கண்காணிப்பு ஆணையம் தொடர்ந்து வலியுறுத்தி வருகிறது. காரணம் நியாயமானது: வழங்குநரோடு நெருக்கம் வளரக் கூடாது. ஆனால் விளைவைப் பாருங்கள். விதியும் பொருளும் பிடிபடத் தொடங்கும் நேரத்தில் அலுவலருக்கு மாறுதல் வருகிறது. அடுத்த இருக்கைக்கும் கொள்முதலுக்கும் தொடர்பே இருப்பதில்லை. மாறாமல் இருப்பவர்கள் இருவர்தான். அலுவலரின் டிஜிட்டல் கையொப்பத்தைக் கணினியில் செருகி இயக்கும் ஒப்பந்த ஊழியர் ஒருவர். வழங்குநரின் பிரதிநிதி மற்றவர். தொழில்நுட்ப விவரக்குறிப்பு எழுதத் தெரியாத அலுவலகத்துக்கு அதை எழுதிக் கொடுக்க அந்தப் பிரதிநிதி எப்போதும் தயார். எந்த நெருக்கத்தைத் தடுக்கச் சுழற்சியைக் கொண்டுவந்தோமோ, அதே நெருக்கத்துக்கு அறியாமை வழிதிறந்து விடுகிறது.

அதற்காகச் சுழற்சியைக் கைவிடச் சொல்லவில்லை. தொழிலுக்குள்ளேயே சுழற்ற முடியும் என்பதற்கு ரயில்வே பண்டகப் பணி நல்ல சான்று. ஒரே அலுவலர் கிடங்கிலிருந்து தலைமையகக் கொள்முதலுக்குப் போவார், அங்கிருந்து பெரம்பூர் போன்ற தொழிற்சாலைக்கு வருவார். இடமும் பொருளும் மாறும், கைத்திறன் வளர்ந்துகொண்டே போகும். 2019 டிசம்பரில் எட்டுப் பணிகளை ஒன்றாக்க ரயில்வே முடிவெடுத்தபோது இந்தப் பணியும் அதில் கரைந்தது. பின்னர் 2025ஆம் ஆண்டுப் பொறியியல் பணித் தேர்வில் பண்டகப் பிரிவுக்கென்று தனியே ஆளெடுக்கும் முறை திரும்பி வந்தது. தனித்திறனை விட்டுவிட்டு இந்த வேலையை ஓட்ட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் தேவையில்லை. நம் மாநிலத்திலேயே, 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து என்ற ஒரே துறையில் ஊன்றி நின்று, கிடங்கில் மருந்தாளுநரையும், மருத்துவமனைக்கு அனுப்பும் முன் ஆய்வகச் சோதனையையும் வைத்தது. கேரளமும் ராஜஸ்தானும் பின்பற்றியது அதைத்தான்.

எனவே அரசுகளிடம் நாம் கேட்பவை மூன்று. ஒன்று, பயிற்சி முடித்துச் சான்று பெற்ற பிறகே கொள்முதல் அதிகாரம் தர வேண்டும். இரண்டு, பெரிய துறைகளில் கொள்முதலுக்கென்று தனிப் பணிப்பிரிவு வேண்டும். சுழற்சி அதற்குள் நடக்கட்டும். விவரக்குறிப்பு எழுதியவர் அடுத்து ஒப்பந்த நிறைவேற்றத்தைப் பார்க்கலாம். மருந்து வாங்கியவர் அடுத்து கருவி வாங்கலாம். மூன்று, நல்லெண்ணத்தோடு, காரணத்தைக் கோப்பில் எழுதி எடுத்த முடிவைத் தணிக்கை வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். தரமான பொருளுக்குக் கூடுதல் விலை தந்தவர் ஆண்டுக்கணக்கில் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க, எல்-1 என்று கண்ணை மூடிக் கையெழுத்திட்டவர் நிம்மதியாக ஓய்வுபெறுகிற நிலை நீடித்தால், திறமையுள்ள எவரும் இந்த இருக்கையைக் கேட்டு வர மாட்டார்கள்.

இவற்றுக்கு ஆணைகள் வர நாளாகும். அதுவரை காத்திராமல், கொள்முதல் இருக்கையில் இருக்கும் வாசகர்கள் ஒன்று செய்யலாம். மாறுதல் ஆணை கையில் வந்ததும், பொறுப்பு ஒப்படைப்புப் படிவத்தோடு நான்கு பக்கம் கூடுதலாக எழுதி வையுங்கள். இந்த விவரக்குறிப்பை ஏன் இப்படி எழுதினோம், எந்த நிபந்தனையால் போட்டி குறைந்தது, எந்த வழங்குநர் தாமதித்தார், எந்த இடத்தில் தணிக்கைத் தடை வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அடுத்து வருபவர் வழங்குநரைக் கேட்டுத் தொழில் கற்க வேண்டிய நிலை வரக் கூடாது.