நமக்கு வந்தால் கணிப்பு, அடுத்தவனுக்கு வந்தால் திணிப்பு

தமிழ்நாட்டில் எல்லாக் கட்சிக்கும் பொதுவான முழக்கம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்: "இது கருத்துக்கணிப்பு இல்லை, கருத்துத்திணிப்பு." திராவிடக் கட்சிகள், தேசியக் கட்சிகள், தமிழ்த்தேசியர்கள், நேற்று கொடி ஏற்றியவர்கள் என்று ஒருவரும் பாக்கியில்லை. வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள், தங்கள் கட்சிக்கு டிவியில் இரண்டு சதவீதம் குறைவாக வந்த ராத்திரியில் மட்டும் ஒரே குரலில் பேசுகிறார்கள். ராஜபாளையம் ஜவகர் மைதானத்துப் பக்கம் டீ குடித்தாலும் சரி, ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் நின்றாலும் சரி, வசனம் ஒன்றுதான். "காசு வாங்கிட்டாய்ங்கண்ணே." அதே சானல் அடுத்த வாரம் பத்து சீட்டு கூட்டிக் காட்டினால், வாங்கின காசு என்ன ஆச்சு என்று யாரும் கேட்பதில்லை. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

2016 சட்டமன்றத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். இந்தியா டுடே - ஆக்சிஸ் மை இந்தியா எக்ஸிட் போல் திமுக அணிக்கு 124 முதல் 140 இடம் என்றது. சி-வோட்டர் அதிமுகவுக்கு 139 என்றது. மே 19 அன்று அதிமுக 134 இடங்களில் ஜெயித்தது. எட்டு வருஷம் கழித்து, 2024 ஜூன் 1 சாயங்காலம், அதே ஆக்சிஸ் தமிழ்நாட்டில் பாஜக அணிக்கு 2 முதல் 4 தொகுதி என்றது. ஜூன் 4 அன்று 39க்கு 39ஐயும் திமுக அணி எடுத்தது. 2016இல் இந்த நிறுவனத்தின் நம்பரைக் கொண்டாடியவர்கள் 2024இல் அதைத் திட்டினார்கள். நிறுவனம் அதேதான், கட்சிக்காரரும் அதேதான். மாறியது நம்பர் மட்டும்தான். இதை ஊடக விமர்சனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜாதகம் சாதகமாக இல்லையென்றால் ஜோசியரை மாற்றும் வேலை இது.

சந்தேகமே படக்கூடாதா? தாராளமாகப் படலாம். 2014 பிப்ரவரியில் நியூஸ் எக்ஸ்பிரஸ் என்ற டிவி ரகசிய கேமராவோடு போனபோது, காசு கொடுத்தால் எண்ணைக் கூட்டிக் குறைத்துத் தருவதாகச் சில கணிப்பு நிறுவனத்தார் பேசியது வெளிவந்தது. அதனால் கேள்வி கேட்க வேண்டும். எத்தனை பேரிடம் கேட்டீர்கள், எந்தெந்த ஊரில், நேரிலா போனிலா, யார் செலவு, வாக்குச் சதவீதத்தை எந்தக் கணக்கில் தொகுதியாக மாற்றினீர்கள்? இந்த விவரமெல்லாம் வந்தாலும் பெரும்பாலும் திரையின் அடியில் பொடி எழுத்தில் ஓடி மறைந்துவிடுகிறது. ஆனால் நம் ஆதரவாளர் இதில் ஒன்றைக்கூடக் கேட்பதில்லை. அவர் கேட்பது "எவன் காசு கொடுத்தான்?" மட்டும்தான். அந்தக் கேள்விக்குப் பதிலை அவர் முன்னாலேயே முடிவு செய்துவிட்டார்.

இனி கொஞ்சம் கணக்கு. 2021இல் ராஜபாளையத்தில் திமுகவின் தங்கப்பாண்டியன், அமைச்சராக இருந்து சிவகாசியை விட்டு இங்கே வந்து நின்ற ராஜேந்திர பாலாஜியை 3,898 ஓட்டில் தோற்கடித்தார். பதிவான ஓட்டில் இது இரண்டு சதவீதத்தை ஒட்டிய வித்தியாசம். இவ்வளவு சின்ன இடைவெளியைக் கருத்துக்கணிப்பு ஓரளவு நம்பிக்கையோடு பிடிக்க வேண்டுமென்றால், ராஜபாளையம் தொகுதிக்குள் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் கேட்க வேண்டும். அதே கணக்கை 234 தொகுதிக்கும் போட்டால் 15 லட்சம் பேர் வரும். யாரும் செய்யப்போவதில்லை. தொகுதிக்கு 100 பேர் என்று கேட்டால், அந்தத் தொகுதியின் எண் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ பத்து சதவீதம் வரை ஆடும். அந்த ஆட்டத்துக்குள் ஜெயித்தவரும் தோற்றவரும் இடம் மாறி உட்கார்ந்துவிடலாம்.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாருங்கள். மாநிலம் முழுக்க திமுக அலை என்று எல்லா எக்ஸிட் போலும் சொன்ன அதே தேர்தலில், இங்கே அதிமுகவின் மான்ராஜ் 12 ஆயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். எதிரே திமுக அணியில் நின்ற காங்கிரஸின் மாதவ ராவ், பிரச்சாரக் காலத்திலேயே கொரோனாவால் ஆஸ்பத்திரியில் படுத்தவர். ஓட்டுப்பதிவு முடிந்து ஐந்தாம் நாள், ஏப்ரல் 11 அன்று, இறந்துபோனார். சென்னையில் உட்கார்ந்து போட்ட மாநில நம்பருக்குள் இந்தத் துயரம் எங்கே இருக்கும்? ஆக்சிஸ் அன்று திமுக அணிக்கு 175 முதல் 195 என்றது. வந்தது 159. மாநிலத்தில் யார் ஆட்சி என்பதைச் சரியாகச் சொன்ன அதே கணிப்பால், பஸ்ஸில் அரை மணி நேர தூரத்தில் இருக்கும் இரண்டு ஊர் ஏன் இரண்டு விதமாக ஓட்டுப் போட்டது என்று சொல்ல முடியாது. அது அதன் வேலையும் இல்லை. இதைப் புரிந்துகொண்டவருக்குக் கொண்டாடவும் காரணமில்லை, கொந்தளிக்கவும் காரணமில்லை.

இதற்கு மருந்தாக ஆதரவாளர்கள் கண்டுபிடித்திருப்பது இன்னும் மோசம். சொந்தக் கணிப்பு. வாட்ஸப் குழுவில் ஒரு ஓட்டெடுப்பு, நம்ம ஆளுக்கு 87 சதவீதம், "இதுதான் மக்கள் மனசு." 1936இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில் அட்டைகளை எண்ணி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்று அறிவித்தது. அவர் 48 மாநிலங்களில் 46ஐ ஜெயித்தார். பத்திரிகை பெரும்பாலும் தன் சந்தாதாரர்கள், கார் வைத்திருந்தவர்கள், வீட்டில் போன் இருந்தவர்கள் பட்டியலுக்குத்தான் அட்டை அனுப்பியிருந்தது. எத்தனை பேரைக் கேட்டோம் என்பதைவிட யாரைக் கேட்காமல் விட்டோம் என்பதே முக்கியம். மில்லில் நைட் ஷிப்ட் பார்ப்பவரும் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்பவரும் உங்கள் குழுவில் இல்லையென்றால், உங்கள் 87 சதவீதம் உங்கள் மாமன் மச்சானின் சதவீதம்.

இதெல்லாம் வெறும் அறியாமை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். டிவி நம்பரைப் பார்த்துத் "திணிப்பு" என்று கத்துகிற அதே ஆள், தன்னைவிடச் சின்னக் கட்சிக்காரனிடம் அதே நம்பரைத் தூக்கிக்கொண்டு போகிறார். "உங்க ஆளுக்கு நாலு சதவீதம்தான்யா, ஏன் ஓட்டை வீணாக்குற?" மேலே இருப்பவன் தன் தலையில் போட்டால் திணிப்பு. தான் கீழே இருப்பவன் தலையில் போட்டால் யதார்த்தம். கணிப்புகளால் நிஜமாகவே கெடுதல் நடக்கும் இடம் இதுதான். ஒரு வாக்காளர் தனக்குப் பிடித்தவரை விட்டுவிட்டு, ஜெயிக்கிற பக்கம் நகர்வது. அதைச் செய்வது சானல் மட்டும் இல்லை. தெருத் தெருவாக அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நாம்தான், சம்பளம்கூட வாங்காமல்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. 2021இல் ராஜபாளையத்தில் பாதாளச் சாக்கடைக்கும் தாமிரபரணிக் குடிநீருக்கும் தோண்டிய தெருக்கள் இருந்தன. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் தென்னையையும் மாவையும் யானை சாய்த்துப் போகும் பிரச்சினை இருந்தது. அந்த வருஷம் பிப்ரவரியில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. இவற்றைப் பற்றி வேட்பாளரைப் பிடித்து நிறுத்திக் கேட்டிருக்க வேண்டிய மாலைகளில், நாம் அடுத்த கட்சிக்காரனோடு சதவீதச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். வேட்பாளருக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

1952இல், முதலமைச்சராகவே இருந்த ராஜபாளையத்துக்காரர் குமாரசாமி ராஜா தேர்தலில் தோற்றார். 1967இல் பக்கத்து விருதுநகரில் காமராஜர் 1,285 ஓட்டில் தோற்றார். திட்டுவதற்கு அன்றைக்கு ஒரு டிவி சானல்கூட இல்லை. ஊர் என்ன நினைத்தது என்று தெரிய வேண்டுமென்றால் ஊருக்குள் நடந்துதான் போக வேண்டியிருந்தது. இன்றைக்கும் வேறு வழியில்லை. அடுத்த முறை திரையில் நம்ம ஆளுக்குக் குறைவாக வந்தால் கேட்டது எத்தனை பேரிடம் என்று பாருங்கள். அதிகமாக வந்தாலும் அதையே பாருங்கள். பிறகு டிவியை அணைத்துவிட்டு, உங்கள் கட்சிக்கு ஓட்டுப் போடாத பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, ஏன் போடவில்லை என்று கேளுங்கள். அந்தப் பதிலைக் கேட்கத் தைரியமில்லாதவருக்குச் சானல்காரனைத் திட்ட உரிமை கிடையாது.