கட்டுமரமும் ஆளற்ற தீவும்

கட்டுமரம் என்பது நம் கடற்றொழிலாளரின் சொல். சோழமண்டலக் கரையிலே மரங்களைப் பிணைத்துக் கடலேறியோரைப் பற்றி வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி 1697இல் வெளிவந்த தம் பிரயாண நூலில் எழுதினார். இன்று அப்பெயரைத் தாங்கி உலகெங்கும் உலவுவது இரட்டை உடல் கொண்ட உல்லாசப் பாய்க்கலம். அவ்விரட்டை அமைப்போ பொலினீசியக் கடலோடிகளின் அறிவு. பெயர் ஒரு மக்களிடமிருந்தும் அமைப்பு இன்னொரு மக்களிடமிருந்தும் வந்தன. கலமோ வசதி படைத்தோரின் கையிற் சேர்ந்தது.

அக்கலத்தையே வீடாக்கிக்கொண்டு வெப்பவலயத் தீவுகளைச் சுற்றி வாழ்வதை நாம் குறைகூறவில்லை. கடலை நேசிப்பது குற்றமன்று. ஆனால் அவ்வாழ்க்கையைப் போற்றும் எழுத்துக்கள் எதனை மறைக்கின்றன என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

மாலைதீவுக்குத் தெற்கேயுள்ள சாகோஸ் தீவுக்கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே சலமன், பெரோஸ் பன்ஹோஸ் ஆகிய பவளத்தீவு வட்டங்களில் நங்கூரமிடுவதற்குப் பாய்க்கலக்காரர் அனுமதிச் சீட்டுப் பெற்று வந்துள்ளனர். முன்னர் மாதக்கணக்கில் தங்கியோரும் உண்டு. வெண்மணல், தென்னை, தெளிந்த நீர், ஆளரவமற்ற அமைதி: இவையே அவர்களின் வர்ணனைகள். கரையில் இடிந்து கிடக்கும் தேவாலயமும் கல்லறைகளும் அவர்களுக்கு வெறும் காட்சிப் பொருள்கள்.

கல்லறைகள் உள்ள தீவு ஆளற்றதானது எவ்வாறு? அடிமைகளாகவும் பின்னர் ஒப்பந்தக் கூலிகளாகவும் கொண்டுவரப்பட்டோரின் சந்ததியார் தலைமுறை தலைமுறையாக அங்கே கொப்பறாத் தோட்டங்களில் உழைத்து வாழ்ந்தனர். 1965இல், சுதந்திரம் பெறவிருந்த மொறீசியசிடமிருந்து பிரித்தானியா அத்தீவுகளைப் பிரித்தெடுத்தது. கொடுத்த தொகை 30 இலட்சம் பவுண். டியாகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமைவதற்காக 1968க்கும் 1973க்கும் இடையில் தீவு மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டு, மொறீசியசிலும் சீஷெல்சிலும் வறுமைக்குள் தள்ளப்பட்டனர். அவர்களின் வளர்ப்பு நாய்களும் கொல்லப்பட்டன.

திரும்பிச் செல்லும் உரிமையை 2000இல் இலண்டன் நீதிமன்றம் ஓரளவு ஏற்றது. 2004இல் அரச கட்டளை அதனைப் பறித்தது. 2006இல் சுமார் 100 பேர் தம் மூதாதையரின் கல்லறைகளைக் கண்டு திரும்ப மட்டும் அனுமதிக்கப்பட்டனர். உல்லாசக் கலத்துக்கு வாரக்கணக்கு, மண்ணுக்குரியோருக்கு நாட்கணக்கு. இதுதான் ஏகாதிபத்தியத்தின் விருந்தோம்பல்!

மக்கள் இல்லாமையாலேயே பவளப் பாறைகள் தப்பின என்று வாதிடுவோர் உளர். 2010இல் அக்கடல் பாதுகாக்கப்பட்ட பிரதேசமாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. குண்டுவீச்சு விமானங்களையும் போர்க்கப்பல்களையும் பொறுத்துக்கொள்ளும் தீவுக்கூட்டம், மீனவனின் தூண்டிலை மட்டும் பொறுக்காதோ?

அக்கடலுக்கு நம்மவரும் சென்றனர், உல்லாசத்துக்காக அன்று. 2021 ஒக்டோபரில் தத்தளித்த படகொன்றிலிருந்து மீட்கப்பட்ட இலங்கைத் தமிழர் டியாகோ கார்சியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, வேலியிட்ட முகாமில் ஆண்டுக்கணக்கில் வைக்கப்பட்டனர். அத்தடுத்துவைப்புச் சட்டவிரோதமானது என அப்பிரதேச நீதிமன்றமே 2024இல் தீர்ப்பளித்தது. ஒரே கடலில் ஒரு கலத்துக்குச் சொர்க்கம், இன்னொரு கலத்துக்குச் சிறை. இவ்வேறுபாட்டை உண்டாக்குவது காற்றன்று; கடவுச்சீட்டும் பணமுமே.

சாகோஸைப் பிரித்தது சட்டமுரணானது என்று சர்வதேச நீதிமன்றம் 2019இல் கருத்துரைத்தது. 2025 மே மாதத்தில் பிரித்தானியாவும் மொறீசியசும் கைச்சாத்திட்ட ஒப்பந்தமோ, டியாகோ கார்சியாவை 99 ஆண்டுகளுக்குத் தளத்துக்கே ஒதுக்குகிறது.

பூமிசாஸ்திரம் கற்பிக்கும் ஆசிரியர்களே, பிரயாண இலக்கியம் பயிலும் மாணவர்களே! ஆளற்ற தீவு என்று எவரேனும் எழுதினால், அங்கு வாழ்ந்தவர் யார், அவர்களை அகற்றியவர் யார் என்று முதலிற் கேளுங்கள். அவ்வினாவுக்கு விடை தராத எழுத்து, எத்துணை அழகாயிருப்பினும், அபகரித்தவனின் பக்கம் நிற்கும் எழுத்தேயாகும்.